தூளியை எங்கே கட்டுவது?

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனை முறையில் தொடங்கியது. அந்த 33-ல் ஒன்று நிலக்கோட்டை. இதை நிலக்கோட்டைக்காரர்களிடம் சொன்னால், "எங்க ஊருக்குப் பூ மார்க்கெட்டாலதானம்மா பேரு?" என்று திருப்பிக் கேட்பார்கள். மல்லிகைக்குக் கிடைத்த பேர் பால்வாடிக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. 1982-ல் பால்வாடி டீச்சராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு சூப்பர்வைசராகி, நிலக்கோட்டைப் பக்கமும் வேடசந்தூர்ப் பக்கமும் மையம் மையமாகச் சுற்றி ஓய்வு பெற்றவள் நான்.

நிலக்கோட்டைக்கு அந்தத் திட்டம் வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பிருந்தே, கூப்பிடு தூரத்தில் பிள்ளை வளர்ப்பைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த ஓர் இடம் இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில், சிறுமலை அடிவாரத்தில், அம்பாத்துரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற காந்திகிராமம்தான் அது. டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. சௌந்தரம், டி.வி.எஸ். கம்பெனியை நிறுவிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்து, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து, காந்தியின் ஆசியோடு ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். 1944-ல் கஸ்தூரிபா காவலிலேயே இறந்த பிறகு, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று நாடெங்கும் நிதி திரட்டினார்கள். இலக்கு 75 லட்சம் ரூபாய்; சேர்ந்ததோ ஒரு கோடிக்கு மேல். அந்தக் கஸ்தூரிபா நிதியின் தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது. சின்னாளப்பட்டியில் இரண்டே படுக்கையோடு ஒரு பிரசவ விடுதி திறந்தார். இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனையின் தொடக்கம் அது.

பெரிய முதலாளி வீட்டுப் பெண் நெசவாளர் ஊருக்கு வந்து உட்கார்ந்தார். இந்த மாவட்டத்துப் பாலர் கல்வியின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன். நான் பிறந்ததும் சின்னாளப்பட்டித் தறி வீட்டில்தான். தறிக்குழிக்கு மேலே உத்தரத்தில் தூளி தொங்கும். அப்பா தறியில், அம்மா பக்கத்தில் ராட்டை போட்டுத் தார் சுற்றுவார். கைக்குழந்தை தூளியில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. அது தவழத் தொடங்கிவிட்டால் தறிக்குழியில் விழும், நூலை இழுக்கும், சாயத்தில் கை விடும். ஒரு பெண்ணின் பாதி நாள் அதைப் பிடிப்பதிலேயே போய்விடும். பாதி நாள் என்றால் பாதிக் கூலி. இந்தக் கணக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. அதனால் காந்திகிராமத்தில் பயின்ற அக்காமார் வந்து பிள்ளைகளைக் கூப்பிட்டபோது யாரும் காரணம் கேட்கவில்லை. மூக்கைத் துடைத்து அனுப்பிவிட்டார்கள்.

காந்தி 1945-ல் ஆதாரக் கல்வியை விரித்து, அது பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். ஏழு வயதுக்கு முந்திய பருவத்துக்குச் சேவாகிராமத்தில் தனியாகத் திட்டம் வகுத்தார்கள். காந்திகிராமத்துப் பயிற்சியில் அந்த வாடை நான் போன காலத்திலும் இருந்தது. மூன்று மாதம் தங்கிப் படித்தோம். எழுத்துக்கு முன்னால் கை என்பதுதான் முதல் பாடம். இரண்டு டம்ளர், ஒன்றில் தண்ணீர். மூன்று வயதுப் பிள்ளை சிந்தாமல் மற்றதில் ஊற்ற வேண்டும். முதல் நாள் பாதி தரையில் போகும். பத்து நாளில் ஒரு சொட்டும் சிந்தாது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி எண்ணப் பழக்குவது, ஓலையில் காத்தாடி செய்வது, கொய்யா இலையையும் வேப்பிலையையும் கண்ணை மூடி முகர்ந்து சொல்லச் சொல்வது என்று ஒன்றும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இன்று தனியார் நர்சரிகளில் இதையே பிளாஸ்டிக்கில் செய்து கட்டணம் வாங்குகிறார்கள்.

சௌந்தரம் அரசியலிலும் இருந்தார். 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் என்று சட்டமன்றத்துக்கும், 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். நேரு அமைச்சரவையில் கல்வித் துணை அமைச்சரானார். அவர் டெல்லியில் இருந்த காலத்தில்தான் கோத்தாரி கல்விக் குழுவும் வேலை செய்தது. அந்தக் குழு பள்ளிக்கு முந்திய கல்வியைப் பெரும்பாலும் தனியார் முயற்சிக்கே விட்டுவிட்டது. சமூக நல வாரியமும் மாதர் சங்கங்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பால்வாடிகள் நடத்திக்கொண்டிருந்தன. 1972-ல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு அறிக்கை தந்த பிறகுதான் டெல்லி சற்று அசைந்தது. 'கிருத்திகா' என்ற பெயரில் நாவல்கள் எழுதிய மதுரம் பூதலிங்கத்தின் மகள் அவர். சோறு, தடுப்பூசி, விளையாட்டு, படிப்பு நான்கையும் ஏழைக் குழந்தைக்குத் தனித்தனிக் கதவில் கொடுக்காதீர்கள் என்பது அந்த அறிக்கையின் சாரம். மூன்று வருஷத்தில் அங்கன்வாடி வந்தது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அன்றைய மதுரை மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1985-ல். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் மாவு உருண்டை கொடுக்கும் திட்டம் அது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உருண்டை, நம் பிள்ளைக்கு இல்லை என்றால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? "எம்புள்ள தேறிருச்சுன்னு தண்டனையா?" என்று சண்டைக்கு வந்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தபோது அந்தச் சண்டை ஓய்ந்தது. இரண்டு வயது முதல் எல்லாப் பிள்ளைக்கும் சோறு.

என் முதல் மையம் ஊர்ச் சாவடி. கூரை இருந்தது, மூன்று பக்கம் சுவர் இருந்தது. நான்காவது பக்கம் ஆடுகளின் உரிமை. அரசாங்கம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் தந்தது, எங்களுக்கு ஒரு சம்பளம் தந்தது. மீதியை ஊர் தந்தது. விறகு ஒரு வீடு, அண்டா ஒரு வீடு. முருங்கைக்கீரை கேட்காமலே வந்துவிடும். கொடித் தராசை மாட்ட நாட்டாமை வீட்டு வேப்பங்கிளை. ஊரில் சாதித் தகராறு இல்லாமல் இல்லை. எந்தத் தெருப் பிள்ளை எந்த வரிசையில் உட்காருவது, யார் சமைப்பது என்று முதல் வருஷம் முழுக்கப் பேச்சு. சோற்றுக்கு முன்னால் அந்தப் பேச்சு மெல்ல மெல்லத் தோற்றது. எல்லா ஊரிலும் தோற்றது என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கதையில் வேலை கொடுப்பவர் எங்கே என்று பார்த்தால், அவருடைய பங்கு சட்டப் புத்தகத்தில் பழைய சரக்கு. 1929-ல் அமைத்த விட்லி தொழிலாளர் ஆணையம் நாடு முழுக்க ஆலைகளைச் சுற்றிப் பார்த்தது. பெண்கள் கைக்குழந்தையை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே கிடத்திவிட்டு வேலை செய்த காலம். பம்பாயில் பிள்ளை அழாமல் தூங்க அபின் கொடுப்பது சகஜம். ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1931-ல் ஆணையம் சொன்னது. 1934 தொழிற்சாலைச் சட்டத்தில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு அப்படி விதி செய்ய மாகாணங்களுக்கு அதிகாரம் கிடைத்தது. 1948 சட்டத்தின் 48-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. 1976-ல் 50 என்பதை 30 ஆக்கினார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை, தொட்டில், பால், பயிற்சி பெற்ற ஆயா, தாய் வந்து பாலூட்ட இடைவேளை என்று விதிகளில் குறைவில்லை. படித்தால் நாமே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

முதலாளி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கனவு மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் நியூ லனார்க் என்ற ஊரில், ராபர்ட் ஓவன் தன் பஞ்சாலைக் குடியிருப்பில் 1816-லேயே பாலர் பள்ளி திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தை முதல் சேர்த்துக்கொண்டார். புத்தகத்தைக் கையில் திணிக்கக் கூடாது. பாட்டு, ஆட்டம், படம் போதும் என்று உத்தரவு. முதல் ஆசிரியராக வந்த ஜேம்ஸ் புக்கானன் ஒரு கைத்தறி நெசவாளி. உதவிக்கு மோலி யங் என்ற பதினேழு வயதுப் பெண். உலகத்துப் பாலர் பள்ளிகளின் வரலாற்றில் அந்த நூல் ஆலைக்குத் தனி இடம். காந்திகிராமத்தில் யாராவது இதை எங்களுக்குச் சொல்லியிருந்தால் சின்னாளப்பட்டிக்காரியான எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும். ஓவனிடம் ஒரு வசதி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆலையும் வீடும் பள்ளியும் ஒரே ஊரில், ஒரே மதிலுக்குள் மாதிரி இருந்தன. தாய் வேலை செய்யும் இடமும் குழந்தை வளரும் இடமும் ஒன்று.

எங்கள் பக்கம் அப்படி இல்லை. 1990-களில் வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் மழை குறைந்த காட்டு வெளிகளில் நூற்பாலைகள் வரிசையாக எழும்பின. புகையிலையும் சோளமும் போட்ட பூமி. போலியோ சொட்டு மருந்து முகாமுக்காகப் பிள்ளைக் கணக்கு எடுக்க ஒரு மில்லுக்குப் போனேன். பெயர் வேண்டாம். காப்பகத்தைக் காட்டுங்கள் என்றேன். ஆபீஸ்காரர் சாவியைத் தேட வெகு நேரம் ஆயிற்று. கதவில் நல்ல திண்டுக்கல் பூட்டு. உள்ளே நான்கு இரும்புத் தொட்டில்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். ஓரத்தில் ஒரு மரக் குதிரை. சுவரில் ஏ ஃபார் ஆப்பிள். மேசை மீது வருகைப் பதிவேடு. அதில் பதினோரு குழந்தைகளுக்கு அந்த மாதம் முழுக்க, வராத நாட்களுக்கும் சேர்த்து, வருகை போட்டிருந்தது. ஆயா என்று எழுதியிருந்தது வாட்ச்மேன் மனைவியின் பெயரை. அவர் வெளியே கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். "சார் இன்ஸ்பெக்‌ஷன் வந்தா சொல்லுவாங்க, திறந்து கூட்டி வைப்பேன்" என்றார், கள்ளமில்லாமல்.

அந்த மில் பொய் சொன்னது உண்மை. ஆனால் அந்த அறை காலியாக இருந்ததற்கு அந்தப் பொய் காரணமில்லை. அங்கே வேலை செய்தவர்களில் தாய்மார்களே அபூர்வம். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, தென் மாவட்டங்களிலிருந்து பதினாறு பதினேழு வயதுப் பெண்களைக் கூட்டி வந்த காலம் அது. சுமங்கலித் திட்டம் என்று பேர். கல்யாணம் ஆனால் கணக்கு முடிந்தது. பிள்ளை பெறாத வரைதான் வேலை என்று ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதே கட்டடத்தில் குழந்தைக் காப்பகமும் கட்டச் சொன்னால் பூட்டுத்தான் தொங்கும்.

பின்னால் அந்தத் திட்டத்துக்குக் கண்டனம் கூடியது, பெண்பிள்ளைகளும் பிளஸ் டூ தாண்டிப் படிக்கப் போனார்கள். மில்கள் கல்யாணமானவர்களைத் தேடின. இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கே மில் பஸ்கள் ஊர் ஊராக வருகின்றன. முப்பது கிலோமீட்டர், நாற்பது கிலோமீட்டர் தாண்டி ஷிப்டுக்கு ஏற்றிப் போகின்றன. சட்டப்படி காப்பக அறை மில்லில் இருக்கிறது; குழந்தை ஊரில் பாட்டியிடம் இருக்கிறது. தூங்குகிற மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எந்தத் தாயும் அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை, ஏற விடுவதுமில்லை. ஊரிலிருக்கிற அங்கன்வாடியோ காலையில் வெயில் ஏறிய பிறகு திறந்து, சாயங்காலத்துக்கு முன்பே சாத்திவிடும். முதல் ஷிப்டுக்குப் போன தாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து மில் குவார்ட்டர்ஸில் தங்கும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் மில்லுக்கு உள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்காவது அந்தப் பூட்டுகளைத் திறக்கலாம். சில இடங்களில் திறந்தும் இருக்கிறார்கள். அங்கே தமிழ் தெரியாத பிள்ளைக்கு இந்தி தெரியாத ஆயா.

நிலக்கோட்டை இன்னொரு மாதிரி. மல்லிகை மொட்டை வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். நாலு மணிக்கே தலையில் டார்ச் விளக்கு மாட்டிக்கொண்டு காட்டில் இறங்கும் பெண்களுக்குச் சட்டப்படி முதலாளியே கிடையாது. தோட்டக்காரர் சின்ன விவசாயி. அவருக்கு மேலே கமிஷன் கடை. அதற்கு மேலே வெளியூர் வியாபாரி, வாசனைச் சரக்கு எடுக்கும் கம்பெனி. முப்பது பெண்கள் என்ற கணக்கு இவர்களில் யார் தலையில் விழும்? அங்கன்வாடியின் முதல் 33 ஊர்களில் ஒன்றில், ஊரின் முக்கியமான வேலை முடிகிற நேரத்துக்குத்தான் அங்கன்வாடி திறக்கிறது. இதை நான் மேலதிகாரிகள் கூட்டத்தில் சொன்னபோது, நேரம் அரசாணையில் உள்ளது என்று பதில் வந்தது.

வேறு இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 1969-ல் டெல்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டு விழாக் கட்டட வேலையில், மண் சுமந்த பெண்களின் பிள்ளைகள் புழுதியில் கிடந்ததைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரம் போட்டார். அது மொபைல் கிரெஷ் என்ற அமைப்பானது. வேலை நடக்கும் இடத்துக்குக் காப்பகம் போகும். வேலை முடிந்தால் அடுத்த இடத்துக்கு நகரும். இடம், தண்ணீர், கரண்ட், செலவில் ஒரு பங்கு ஆகியவை கட்டட கம்பெனியின் பொறுப்பு. பிள்ளைகளை நடத்துவது அமைப்பின் பொறுப்பு. குஜராத்தில் சேவா சங்கம் புகையிலைத் தொழிலாளிகளுக்காகக் கேடா மாவட்டத்தில் நடத்திய காப்பகங்கள் தாயின் வேலை நேரத்துக்குத் திறந்தன. தாய்மாரும் ஒரு தொகை கட்டினார்கள், பிறகு கூட்டுறவாகவே நடத்தினார்கள். புகையிலை எங்களுக்கும் புதிதில்லை. வேடசந்தூரில் 1948-லிருந்து புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இலைக்கு ஆராய்ச்சி நடந்த ஊரில் இலை பிரித்த பெண்ணின் பிள்ளையைப் பற்றி யாரும் ஆராயவில்லை.

பணம் கொடுக்கும் மனம் மில்களுக்கு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கம்பெனிச் சட்டத்தில் சமூகப் பொறுப்புச் செலவு வந்த பிறகு எங்கள் மையங்களுக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். டோரா, சோட்டா பீம், ஒரு யானை. மூலையில் கம்பெனி பேர். ஆள் கேட்டால் மட்டும் கிடைக்காது. பெயின்ட் ஒரு தடவைச் செலவு, ஆயா சம்பளம் மாதா மாதம்.

சட்டம் இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், பெண்கள் இத்தனை பேர் என்று பார்க்காமல் மொத்தம் 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும் என்றது. பெண்ணை வேலைக்கு எடுக்காமல் தப்பிக்கும் வழி அதில் அடைபட்டது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி போய், பல நிறுவனங்கள் காசு சேர்த்துப் பொதுக் காப்பகம் நடத்தலாம், அரசு, நகராட்சி, தொண்டு நிறுவனக் காப்பகத்தையும் பயன்படுத்தலாம் என்கிறது. மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த இடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நான்கு மில் காசு போட்டு ஓர் ஊர் அங்கன்வாடியை விடியற்காலை முதல் நடத்தத் தடை எதுவும் தெரியவில்லை. மில்லும் தொழிலாளரும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதும் இந்த மண்ணில் நடக்காத காரியம் இல்லை. 2022-ல் வேடசந்தூர்ப் பக்கத்து ஆடை ஆலைக்காக, பெண்கள் முன்நின்று நடத்தும் தொழிற்சங்கமும் ஆலை நிறுவனமும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு வியாபாரிகளும் செய்துகொண்டது 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே பேர் பெற்றது. அது வேலையிடத்துப் பாலியல் வன்முறையைத் தடுக்க வந்தது. பிள்ளை விஷயத்துக்கும் அப்படி ஒன்று எழுதலாம்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பேச நேரம் இருக்கிறது. மே தினத்தன்று நடந்த எங்கள் ஊர்க் கிராம சபையில் எழுந்து கேட்டேன். கட்டடம் இருக்கிறது, ஊர்ப் பாட்டிமாரில் இரண்டு பேர் காலை ஐந்து மணிக்கு வரத் தயார், காந்திகிராமத்திலோ வேறு இடத்திலோ அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம், அவர்கள் சம்பளத்தையும் காலைக் கஞ்சியையும் நம் ஊருக்கு பஸ் அனுப்பும் மில்கள் பங்கு போட்டு ஏற்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொன்னேன். ஊராட்சிச் செயலர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். குடிநீர், சாலை, தெருவிளக்கு, சுகாதாரம் என்று தலைப்புகள் இருக்கின்றன. இதை எதில் எழுதுவது என்றார். 'இதர' என்பதில் எழுதினோம். நான்கு மில்களுக்கும் நகல் போயிற்று. மூன்றிலிருந்து பதில் இல்லை. ஒன்றிலிருந்து எச்.ஆர். பையன் போன் செய்தான். "எங்க பஸ்ல வர்ற உங்க ஊர் லேடீஸ்ல ஆறு வயசுக்குக் கீழ பசங்க இருக்கிறவங்க எத்தனை பேர்மா?" என்று கேட்டான். பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறோம், கீழத்தெரு முடிந்தது, காலனி பாக்கி.